பழைய ரயில் பெட்டிகளுக்குத் தீ வைக்கிறார்கள். பேசாமல் இரும்புக்குப் போட்டுவிடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூலை 11

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிச் சாலையில் ஒரு காம்பவுண்டுக்குள் மீட்டர் கேஜ் பெட்டிகள், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய பழைய பெட்டிகள், மூன்று நிற்கின்றன. அருங்காட்சியகம் வரப்போகிறது என்று சொல்லி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆண்டுகள் ஓடிவிட்டன. கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. போன சனிக்கிழமை இரவு ஒரு பெட்டிக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். இப்படி விட்டுவைத்து எரியக் கொடுப்பதைவிட, பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு இருக்கை, ஒரு ஜன்னல், ஒரு அபாயச் சங்கிலி மட்டும் எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் போதாதா? ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஜூலை 11, இரவு 10.40

போதாது.

மதுரையில் ரயில்வேயின் பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் பிரிவில் 31 ஆண்டுகள் தச்சனாக இருந்தவன் நான். அந்த மூன்று பெட்டிகளும் எனக்குத் தெரியும். ஒன்று இரும்பு உடம்புள்ள இரண்டாம் வகுப்புப் பெட்டி, மரச்சட்ட இருக்கைகளோடு. ஒன்று கார்டு வண்டி, ரயிலின் கார்டு உட்கார்ந்து வருவது. மூன்றாவது தேக்கில் செய்த பழைய ஆய்வுப் பெட்டி. அதிகாரிகள் லைன் பார்க்கப் போகும்போது ரயிலின் வாலில் கோத்து விடுவது. எரிந்தது எது என்று நீங்கள் எழுதவில்லை. தேக்குப் பெட்டியாக இருக்கக்கூடாது என்று இந்த நேரம் வரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு இருக்கையைப் பேழையில் வைத்தால் அது ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தால்தான் எதிரில் இருப்பவர் முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும். தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர்தான் என்பது அப்போது உடம்புக்குத் தெரியும். இன்றைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அந்த வித்தியாசத்தை எந்தப் பலகையில் எழுதி வைத்தாலும் புரியாது.

தீ வைத்தவர்கள் அந்தப் பக்கத்துப் பையன்கள்தான், சந்தேகமே வேண்டாம். இரவில் அங்கே கூடுகிறார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். நாலு பேரைப் பிடித்து உள்ளே வைத்தால் மற்றவர்களுக்குப் பயம் வரும்.

ஜூலை 12, காலை

தேக்குப் பெட்டிதான். அந்தப் பக்கம் பால் எடுக்கப் போகும் ஒருவர் போன் செய்து சொன்னார். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

ஜூலை 14, இரவு

போய்ப் பார்த்தேன். கேட் பூட்டியிருக்கிறது, பக்கவாட்டில் காம்பவுண்டுச் சுவர் இடிந்து ஒரு மாடு புகும் அளவுக்கு வழி. பூட்டை யாரும் தொடவில்லை, தொட வேண்டிய தேவையும் இல்லை.

முதலில் நல்ல செய்தி. பெட்டி விழவில்லை. மூலைத் தூண்களும் நடுத் தூண்களும் நிற்கின்றன. என் பேனாக் கத்தியால் குத்திப் பார்த்தேன். கரி ஒரு விரல் நகத்தின் அகலம்கூட உள்ளே போகவில்லை. அடியில் மரம் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, அறுத்த அன்றைக்கு இருந்த மாதிரி இருக்கிறது. கனமான கடின மரம் நெருப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் கருகும். வெளியே கட்டும் கரியே உள்மரத்துக்குப் போர்வை ஆகிவிடுகிறது. ஆறு அங்குலத் தூண் அதனால் தப்பிக்கும். ஷட்டர் சட்டம் தப்பிக்காது.

மேற்குப் பக்கம் ஏழு ஷட்டர்களில் நான்கு போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒன்றைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரயில் ஷட்டர் என்பது ஒரே பலகை இல்லை. இரண்டு பக்கமும் நிலைச்சட்டம். அதில் சாய்வாகக் காடி (பள்ளக்கோடு) எடுத்து, ஒவ்வொரு காடியிலும் ஒரு மெல்லிய தேக்குச் சிம்பு. வெயில் வராது, காற்று வரும், மழைத்தண்ணீர் வெளிப்பக்கமே வழிந்துவிடும். அந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டால் தப்பாகும்; அளவுச் சட்டம் வைத்துத்தான் எடுப்போம். நான் எடுத்ததில் பதினான்கு சிம்புகளில் ஒன்பது எரிந்து, காடிகள் மட்டும் காலிப் பல்வரிசைபோல இருந்தன. அடிச்சட்டத்தைத் திருப்பினேன். உளியால் கொத்திய எண் இருந்தது: ஒரு கோடு, பக்கத்தில் ஆறு. முதல் அறை, ஆறாவது ஜன்னல். ஒவ்வொரு ஷட்டரையும் அதன் ஜன்னலுக்கே இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஐந்தாவதில் இதைப் போட்டால் பாதியில் சிக்கி நிற்கும். அந்த எண்ணைக் கொத்தியவர் எனக்கும் முந்தைய தலைமுறை, முகம் தெரியாது. கோட்டின் ஆழத்தைப் பார்த்தால் இடது கைக்காரர் என்று தோன்றுகிறது.

தாழ்ப்பாள்கள் பித்தளை. ஒன்றுகூட இல்லை. தீயில் போகவில்லை, திருப்புளி வைத்து நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள், திருகுத் துளைகள் சுத்தமாக இருக்கின்றன. கீழே டைனமோவும் இல்லை, பாட்டரிப் பெட்டிக்குள் ஓணான் குடியிருக்கிறது.

ஜூலை 15, காலை

வெளிநாடுகளில் இப்படியெல்லாம் நடக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்கும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு டிராம் அருங்காட்சியகத்தின் கொட்டகை 2003 செப்டம்பர் 28 அன்று எரிந்தது. எட்டு டிராம்கள் ஒரே நாளில் சாம்பல். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ரயில் அருங்காட்சியகத்தின் எஞ்சின் கொட்டகைக்கு 2005 அக்டோபர் 17 அன்று தீ வைத்து 24 வண்டிகளை அழித்தார்கள். வசதியான நாடுகளிலேயே இந்த நிலை என்றால் நம் ஊர் எம்மாத்திரம்.

ஜூலை 15, மதியம்

மேலே எழுதியதில் திருத்தம். நியூரம்பெர்க்கில் யாரும் தீ வைக்கவில்லை; கூரையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது பற்றியது. மேரிலாந்திலும் யாரோ வைத்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தீ என்றதும் என் மனம் தீ வைத்தவனைத் தேடுகிறது. நம் மீனாட்சி அம்மன் கோவிலில் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததே, அங்கே தீயைப் பெருக்கியது கடைகளில் அடுக்கியிருந்த சரக்கு. கல் மண்டபமே அந்தச் சூட்டில் வெடித்து இடிந்தது என்றால் மரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

நியூரம்பெர்க்கில் இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஜெர்மனியில் முதன்முதலில் ஓடிய ‘ஆட்லர்’ எஞ்சினைப் பார்த்து 1935-இல் செய்த மாதிரி வண்டியும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. மோசமாக எரிந்தது. இரும்பாகக் கிடந்ததை எடுத்துப் பழுது பார்த்து 2007-இல் மறுபடி ஓட்டினார்கள். எரிந்தது என்பதற்காக எடைக்குப் போடவில்லை.

ஜூலை 21, இரவு

இதை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்று காலை அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். பெட்டிக்குள் ஏறியதும் நான் கூரையையும் ஜன்னலையும் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குத்தவைத்துத் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இங்கே வா, உன் ஜன்னலை அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

தரைப்பலகையில் வட்ட வட்டமாக ஐந்து இடங்களில் எரிந்திருக்கிறது. நான்கு வட்டங்கள் சிறியவை, அவற்றின்மேல் தூசி படிந்து, ஒன்றில் எலிப் புழுக்கைகூடக் கிடந்தது. ஐந்தாவது ஆழமானது, பலகை ஓட்டையாகி அடியில் இரும்புச் சட்டம் தெரிகிறது. “தீ மேலே ஏறும் சாதி. தரை இவ்வளவு ஆழத்துக்கு வேகிறது என்றால் இதே இடத்தில் எதையோ குவித்து, நின்று நிதானமாக எரித்திருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, பல நாள்” என்றார். ஓட்டையின் விளிம்பில் விரலால் துழாவி ஒரு துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைமுடிபோல மெல்லிய செம்புக் கம்பி, ஐந்தாறு இழை, முறுக்குப் பிரியாமல்.

ஒயர். பிளாஸ்டிக்கை எரித்துச் செம்பை எடுக்கிற வேலை.

இந்தப் பெட்டிக்குள் அவ்வளவு ஒயர் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் முன்பே உருவிவிட்டார்கள். சாலையோரத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். வைகாசியிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று கிணறுகளில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். வெட்டவெளியில் எரித்தால் நெருப்பு ஊருக்கே தெரியும், கறுப்புப் புகையும் காட்டிக் கொடுக்கும். ரயில் பெட்டிக்குள் எரித்தால் வெளிச்சம் தெரியாது. நான்கு முறை தப்பித்துவிட்டார்கள். ஐந்தாவது முறை மேல்காற்று கிளம்பிவிட்டது. ஆனி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து எப்படிக் காற்று வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கண்ணாடி இல்லாத ஏழு ஜன்னல், கிழக்கே கதவில்லாத வாசல். பெட்டியே ஊதுகுழல் ஆகிவிட்டது.

இப்போது நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜூலை 11 இரவு பையன்கள்தான் வைத்தார்கள், சந்தேகமே வேண்டாம் என்று எழுதினேன். ஒரு கண்ணால் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் எழுதினேன். அது தவறு. அந்தப் பையன்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வரியை அழிக்கவில்லை. படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும்.

செம்புத் துணுக்கையும் தரையின் படங்களையும் அண்ணன் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 22

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு, எனக்குத் தெரிந்த அளவில். ரயில்வேச் சட்டம் 1989-இன் 151-ஆம் பிரிவு ரயில்வேயின் சொத்தைத் தீயாலோ வேறு வழியிலோ சேதப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. இந்தப் பெட்டிகளை ஏலத்தில் தனியார் எடுத்துவிட்டதால் அது இங்கே பொருந்தாது. ரயில்வே பாதுகாப்புப் படையும் இதில் தலையிடாது. ஊர்க் காவல் நிலையம்தான். ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தீயால் சொத்தை அழிப்பது அதில் 326-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. ரயில்வே கையில் இருக்கும்வரை ஒரு பெட்டிக்குத் தனிச்சட்டம், தனிப்படை, தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு. எடைபோட்டு வெளியே வந்த மறுநாள் அது கேட்பாரற்ற பொருள்.

ஆகஸ்ட் 4

ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றும் சத்தம் எல்லாப் பக்கமும். பெட்டிகளுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பெட்டிகள் வந்த புதிதில் ஒரு காவலாளி இருந்தார். இரவில் கார்டு வண்டியில்தான் படுப்பார், காலையில் மூன்று பெட்டியையும் சுற்றி வந்து டீ குடிப்பார். சம்பளம் நின்றது, ஆறு மாதம் கடன் வாங்கிச் சமாளித்தார், போய்விட்டார். அதன்பின் ஒரு நாள் ஒரு கண்ணாடி உடைந்தது. ஒரே ஒரு கண்ணாடி. இந்த அம்மா பெட்டிகளை வைத்திருக்கும் அறக்கட்டளைக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். பார்க்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் அது அப்படியே கிடந்தது. பிறகு ஒரே வாரத்தில் மற்ற எல்லாம் உடைந்தன. “கேட்க ஆள் இல்லை என்று அந்த ஒரு கண்ணாடிதான் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது” என்றார் அவர்.

எனக்கு இது உறைத்தது. நான் ஜூலையிலிருந்து தீயைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். தீ கடைசியில் வந்தது. முதலில் காவலாளி போனார், பிறகு கண்ணாடி, பிறகு பாட்டரி, டைனமோ, தாழ்ப்பாள், பிறகு சீட்டாட்டம், சாராயம், பிறகு ஒயர் எரிப்பு. இதில் எந்தப் படியிலும் ஒருவர் உள்ளே போய் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் அடுத்த படி வந்திருக்காது. அறக்கட்டளையை மட்டும் திட்டிப் பயனில்லை. மதுரையிலிருந்து அரை மணி நேரப் பயணம். பெட்டிகள் அங்கே இருப்பது தெரிந்தும் நான் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

பையன்களும் வந்தார்கள். நான்கு பேர். கல்லெறிந்து கண்ணாடி உடைத்ததை ஒப்புக்கொண்டார்கள். அதில் இளையவன் தன் பங்கு எத்தனை என்று சரியாகக் கணக்கு வைத்திருந்தான். தீயைப் பற்றிக் கேட்டால், “ஒயர் எரிக்க வருகிறவர்கள் இருந்தால் நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம் தாத்தா, கத்தி வைத்திருப்பார்கள்” என்றான். அவனுக்குப் பதினான்கு வயது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டி 2010-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது, அவன் அந்த ஆண்டு பிறந்தவன். இந்தப் பெட்டி அவர்கள் ஊர் வழியாகவே ஓடியது என்று சொன்னேன். நம்பவில்லை. இந்தச் சாலை வழியாகவா என்று கேட்டான்.

ஆகஸ்ட் 26

சென்ற ஆண்டு இதே நாள் அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து ராமேஸ்வரம் யாத்திரை வந்தவர்கள். அனுமதி இல்லாமல் ஏற்றிவந்த கேஸ் சிலிண்டர். அது பயணத்தில் இருந்த பெட்டி, நாம் பேசுவது ஓடாமல் கிடக்கும் பெட்டி, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச மாட்டேன். ஆனால் காலியாக நிற்கும் பெட்டியில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து தெரியாது. ஜூலை 6 இரவு நம் தேக்குப் பெட்டிக்குள் யாரும் தூங்கவில்லை என்பது தற்செயல். பெட்டிதானே எரிந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதியவர் இதை யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 8

போடி வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விஷயம் விலகிப் போகும், பரவாயில்லை.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். 1928-இல் வந்த லைன். மேற்கு மலையின் ஏலக்காயும் தேயிலையும் இறங்கும் ஊர் போடி. 1942-இல், உலகப்போர் நேரத்தில், தண்டவாளத்தைப் பெயர்த்துப் போருக்குக் கொண்டுபோனார்கள். பத்து ஆண்டுக்கு மேல் லைன் இல்லை. ஐம்பதுகளில்தான் மறுபடி போட்டார்கள். 2010-இல் அகலப்பாதைக்காக மூடியது தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் திறந்தது. ஒரே லைன் இரண்டு முறை மறைந்து இரண்டு முறை வந்திருக்கிறது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி ஏறும்போது இறங்கி நடந்து, முன்பெட்டியில் ஏறிக்கொள்ளும் பள்ளிப் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். கார்டு பச்சைக்கொடியின் கட்டையால் ஜன்னலைத் தட்டி அவர்களை அதட்டுவார்.

திருச்சிக்கு அனுப்பிவிடலாமே, அங்கே 2014 முதல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிந்த பெட்டியைத் தூக்கி டிரெய்லரில் வைத்தால் தூண் தாங்குமா என்பது முதல் கேள்வி. இன்னொன்று, பெரிய அருங்காட்சியகம் என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். டெல்லி அருங்காட்சியகத்தின் ‘ஃபேரி குயின்’ 1855-இல் லீட்ஸில் செய்த எஞ்சின். அதிலிருந்தே 2011-இல் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெரம்பூர்ப் பணிமனைக்குக் கொண்டுவந்து நம் ஊர் ஆட்கள்தான் இல்லாத பாகங்களைச் செய்து சேர்த்தார்கள்; 2017-இல் மறுபடி பயணிகளோடு ஓடியது. அதே டெல்லி அருங்காட்சியகத்தில் 1914-ஆம் ஆண்டின் தீயணைப்பு வண்டி ஒன்றும் இருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து டெல்லிக்கு டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: உங்களுக்கு நான் சொன்ன “போதாது” இப்போதும் அப்படியே நிற்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி, எண் போட்டு, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். இரும்புக்குப் போட்ட பெட்டியின் நினைவுப் பொருளாக வைக்கச் சொல்லவில்லை, திரும்ப மாட்டுவதற்காக. இது ஜூலையிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோபத்தில் இருந்தேன்.

செப்டம்பர் 29

அறக்கட்டளையில் ஒருவர் எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டார். வேலை தொடங்கியாயிற்று. என்னோடு பணியில் இருந்த இருவர், அண்ணன், ஞாயிறுதோறும் அந்த நான்கு பையன்கள்.

இதைச் செய்ய நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, கரி பிடித்த மரத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நான் ஒரு பலகையில் செய்து கெடுத்தேன். புகைக்கரி ரேகைக்குள் இறங்கிவிட்டது, இனி இழைத்தால்தான் போகும். காய்ந்த தூரிகை, பிறகு காய்ந்த ஸ்பாஞ்சு. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அதில் ஈயம் இருக்கும். பையன்களை அந்த வேலைக்கு விடுவதில்லை.

இரண்டாவது, ஒயர் எரித்த புகை. பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் புகையில் அமிலம் இருக்கிறது. தீ அணைந்த பிறகும் அது வேலை செய்கிறது. நெருப்பு எட்டாத கிழக்குப் பக்கத்து கதவுக் கீல்கள் ஜூலையில் நன்றாக இருந்தன. இப்போது துரு உதிர்கிறது. ஒரு பித்தளைக் கொக்கியில் மயில்துத்த நிறத்தில் பூத்திருக்கிறது. எரியாத பொருளைத்தான் முதலில் துடைத்திருக்க வேண்டும். எல்லோரும் எரிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 1

நேற்றுத் தீபாவளி. பகலில் இடிந்த சுவரில் முள்வேலி போட்டோம், மூன்று பெட்டியைச் சுற்றியும் சருகைக் கூட்டி அள்ளினோம், தார்ப்பாயை எடுத்துவிட்டோம்; ராக்கெட் விழுந்தால் முதலில் பற்றுவது அதுதான். எட்டு வாளி மணல், நான்கு குடம் தண்ணீர். அண்ணனும் நானும் கார்டு வண்டியில் இருந்தோம். டீக்கடை அம்மா அதிரசம் கொடுத்தனுப்பினார். பத்து மணிக்கு மேல் ஒரு ராக்கெட் இரண்டாம் வகுப்புப் பெட்டியின் கூரையில் விழுந்தது. இரும்புக் கூரை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாங்கள் ஏணி வைத்து ஏறுவதற்குள் பதினான்கு வயதுக்காரன் வாளியோடு மேலே நின்றான். இறங்கியதும் திட்டினேன், பிறகு அதிரசம் கொடுத்தேன்.

கார்டின் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பின்பக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஓடும் தண்டவாளம் இல்லை, சோளக்காடுதான். இருந்தும் கை பிரேக் சக்கரத்தின்மேலேயே இருந்தது.

நவம்பர் 24

ஒயர் எரித்த வழக்கில் இருவர் பிடிபட்டார்கள். கிணற்று ஒயர் திருட்டுக்காகத் தேடிப் போனபோது இதுவும் சேர்ந்து வந்தது. பெயர், ஊர் எதையும் இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். இருவருக்கும் அது என்ன பெட்டி என்று தெரியாது. ரயில் பெட்டி என்பதே பாதி எரிந்த பிறகுதான் கவனித்தோம் என்றார்களாம்.

ஷட்டர்கள் நான்கில் இரண்டு முடிந்துவிட்டன. பழைய தேக்கு ஒரு வீட்டு நிலையை உடைத்த இடத்தில் கிடைத்தது. அடிச்சட்டத்தில் எண் கொத்தும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். உளி இரண்டு முறை வழுக்கியது, மூன்றாவது கோடு சரியாக விழுந்தது.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் நேற்று டீக்கடையில் ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஐந்து பித்தளைத் தாழ்ப்பாள்கள். நான்கு நம்முடையவை, திருகுத் துளையோடு வைத்துப் பார்த்தேன், பொருந்துகின்றன. ஐந்தாவது அளவில் பெரியது, அகலப்பாதைப் பெட்டியினுடையது, பின்பக்கம் தேய்ந்த ஓர் எண் தெரிகிறது. நம்மிடம் அதற்கு ஜன்னல் இல்லை. எங்கோ ஒரு பெட்டியில் அது இல்லாமல் ஒரு ஷட்டர் ஆடிக்கொண்டிருக்கும். திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் யாராவது பழைய பெட்டி வைத்திருந்து, தாழ்ப்பாள் காணாமல் போயிருந்தால் அளவைச் சொல்லி எழுதுங்கள். துடைத்து, தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.